பாப்பா பார்க்க வருகிறவர்களுக்கு

கோலா கங்சார், சுங்கை சிப்புட், பாடாங் ரெங்காஸ், மானோங் என்று நாலா பக்கமிருந்தும் எங்கள் வீட்டுக்குப் பிள்ளை பார்க்க வந்துபோன, இனியும் வரப்போகிற அத்தைமார்களே, பெரியம்மா சின்னம்மாமார்களே, மாமாக்களே, பக்கத்து வீட்டுச் சொந்தங்களே,

நீங்கள் வருவது எங்களுக்குப் பெரிய தெம்பு. மகள் பிள்ளை பெற்று வீடு திரும்பிய நாளிலிருந்து இந்த வீடு தள்ளாடாமல் நிற்பதற்கு உங்கள் கைகளும் காரணம். பத்தியத்துக்குப் பூண்டை உரித்து டப்பாவில் போட்டுக் கொடுத்தவர் ஒருவர். பால் சுறா தேடி பாசார் முழுக்க அலைந்தவர் ஒருவர். ராத்திரி மழையில் காரை எடுத்துக்கொண்டு வந்து மருந்து கொடுத்துவிட்டு, உள்ளே கூட வராமல் போனவர் ஒருவர். எதையும் நான் மறக்கவில்லை. அந்த நன்றியோடுதான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருக்கின்றன. நீங்கள் பார்க்க வருவது ஒன்றை. இரண்டையும் பாருங்கள் என்று கேட்பதற்காகவே இந்த மடல். இது என் வீட்டுச் சேதி மட்டும் இல்லை. இரண்டு மூன்று வயதில் ஓர் அக்காவும், தொட்டிலில் ஒரு தங்கையோ தம்பியோ இருக்கும் வீடு நம் வட்டாரத்தில் எந்தத் தாமானில் நுழைந்தாலும் இருக்கும். அந்த வீடுகளுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நீங்கள் வந்து உட்கார்ந்ததும் பெரியவளைப் பார்த்து என்ன கேட்கிறீர்கள் என்று நான் கவனித்து வருகிறேன். "என்னம்மா, இனிமே ஒனக்கு மவுசு போச்சா?" என்கிறார் ஒருவர். "அம்மா இனிமே பாப்பாவதான் தூக்குவாங்க, ஒன்னைய தூக்க மாட்டாங்க" என்கிறார் இன்னொருவர். "பாப்பாவ நான் பையில போட்டு எடுத்துட்டுப் போயிடுறேன், சரியா? ஒனக்குத் தொல்ல இல்லாம இருக்கும்" என்று சிரிக்கிறவர்கள்தான் அதிகம். நம் சனங்களிடம் இது காலங்காலமாக இருக்கும் பேச்சு. நாமும் சின்ன வயதில் கேட்டு வளர்ந்தோம். மனதில் கெட்ட எண்ணம் வைத்து யாரும் சொல்வதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் இரண்டரை வயதுப் பிள்ளைக்குக் கேலி என்று ஒன்று கிடையாது. பெரியவர்கள் சொல்வது எல்லாம் அவளுக்கு நடக்கப்போகிற காரியம்.

பையில் போட்டு எடுத்துப்போவதாகச் சொன்ன விருந்தாளி கிளம்பிப் போன பிறகு என்ன நடந்தது தெரியுமா? பெரியவள் தொட்டில் சேலையின் நுனியை ஒரு கையால் சுற்றிப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. தட்டை அங்கேயே கொண்டுபோய் ஊட்டினேன். வாயில் சோற்றை வைத்துக்கொண்டு கதவைப் பார்த்தாள். கதவைப் பூட்டிவிட்டோம் என்று சாவியைக் காட்டிய பிறகுதான் விழுங்கினாள். பொறாமை இருக்கும் என்று நீங்கள் எதிர்பார்த்து வருகிறீர்கள். அங்கே நின்றது காவல்.

அவளுக்கு எரிச்சலே வருவதில்லை என்று நான் சொல்லவில்லை. அம்மா பால் கொடுக்க உட்கார்ந்தால் அவளுக்கு உடனே ஒண்ணுக்கு வரும், உடனே தண்ணீர் வேண்டும், உடனே செருப்பு மாட்டிவிட வேண்டும். தானாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் இப்போது ஊட்டச் சொல்கிறாள். ராத்திரியில் இரண்டு தடவை எழுந்து அம்மா இருக்கிறாளா என்று தடவிப் பார்க்கிறாள். இவை எல்லாம் அவளுடைய அம்மாவைப் பற்றிய கவலை. பாப்பாமேல் அவளுக்கு இருப்பது வேறு. காலையில் கண் விழித்ததும் பசியாறக்கூட வராமல் தொட்டிலுக்கு ஓடுகிறாள். வாயோரம் வழியும் பாலைத் தன் கவுனாலேயே துடைத்துவிடுகிறாள். தன்னுடைய மேரி பிஸ்கட்டைப் பாதி கடித்து, ஈரமான அந்தப் பாதியைத் தங்கையின் வாயருகே கொண்டுபோகிறாள். நான் ஓடிப்போய்த் தடுக்க வேண்டியதுதான். ஆனாலும் தன் பங்கில் நல்ல பாதியைக் கொடுக்க நீட்டிய கை அது.

இப்போது தொட்டிலில் இருக்கிறவளின் பக்கத்திலிருந்து பாருங்கள். பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு நன்றாகத் தெரியும். மடியில் பால் குடிக்கும்போது அம்மாவின் முகம் இருக்கும் தூரம் அது. நாம் எல்லாரும் தொட்டிலுக்கு மேலே நின்றுகொண்டு எட்டிப் பார்க்கிறோம். அவளுக்கு நாம் மங்கலான நிழல்தான். அக்காவோ யாரும் சொல்லிக் கொடுக்காமலே மூக்கோடு மூக்கு வைக்கிறாள். முதல் சில வாரங்களில் அந்தச் சின்ன உயிர் தெளிவாகப் பார்த்த முகங்கள் இரண்டு என்றால், ஒன்று பெற்றவளுடையது, மற்றது இந்தப் பால்பல் முகம்.

குரலும் அப்படித்தான். கருவின் கடைசி மூன்று மாதங்களில் பிள்ளைக்கு வெளிச்சத்தம் கேட்கும். என் மகளின் வயிற்றில் வாயை வைத்து "பாப்பா, வெளிய வா" என்று இவள் கத்தாத நாள் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, அத்தனை பேர் பேச்சுக்கும் கண் திறக்காத பிள்ளை இவள் குரலுக்குத் தலையைத் திருப்பியது. தற்செயல் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

ஆறு எட்டு வாரத்தில் முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்குவதும், மூன்று நான்கு மாதத்தில் சத்தம் போட்டுச் சிரிப்பதும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவானவை. அந்தச் சத்தச் சிரிப்பை வரவழைக்க நாம் கிலுகிலுப்பையை ஆட்டுகிறோம், நாக்கைச் சுழற்றுகிறோம். அக்கா தலையில் ஒரு பெம்பர்ஸைக் கவிழ்த்துக்கொண்டு குதித்தாள். அவ்வளவுதான், வீட்டில் முதல் சிரிப்புச் சத்தம் கேட்டது. அதன்பிறகு அந்தப் பெம்பர்ஸ் ஒரு வாரத்துக்கு அவள் தலையை விட்டு இறங்கவில்லை.

கைக்குழந்தையாக இருப்பதும் லேசான காரியம் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆசை மிகுந்த ஓர் அக்கா இருந்தால் தூக்கம் பாதியில் கலையும். போர்த்திய துணி இழுபடும். காதருகே திடீரென்று ஒரு பாட்டு வெடிக்கும், பிள்ளை இரண்டு கையையும் விரித்துத் துடித்து எழும். ஆனால் அதே பிள்ளை, அக்கா வெளியில் போன நேரத்தில் தொட்டிலில் படுத்தபடி கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறது. யார் போய் நின்றாலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி கதவைத்தான் பார்க்கிறது.

நம் தமிழில் குழந்தையைப் பாட என்றே பிள்ளைத்தமிழ் இருக்கிறது. காப்பில் தொடங்கிப் பத்துப் பருவம். செங்கீரை ஆடச் சொல்லியும், சப்பாணி கொட்டச் சொல்லியும், முத்தம் கேட்டும், நிலாவை விளையாடக் கூப்பிட்டும் எவ்வளவோ பாடியிருக்கிறார்கள். அந்தப் பத்தில் அக்காவுக்கென்று ஒரு பருவம் இல்லை. முத்தப் பருவம் வருவதற்குள் ஆயிரம் முத்தம் கொடுத்து முடித்தவள் அவள். பாட்டில் இடம் கிடைக்காதவளுக்கு வீட்டிலாவது இடம் கொடுப்போம் என்கிறேன்.

ஆனால் சங்கப் பாட்டு ஒன்று நமக்குத் துணைக்கு வருகிறது. நற்றிணையில் 172ஆவது. விளையாடும்போது பெண்கள் மணலில் அழுத்திவிட்டு மறந்துபோன புன்னை விதை முளைத்துவிடுகிறது. நெய் கலந்த பால் ஊற்றி அதை வளர்க்கிறார்கள். அம்மா அந்த மரத்தைக் காட்டி, இது உங்கள் தங்கை, உங்களைவிட உசத்தி என்று சொல்லி வைத்திருக்கிறாள். பெண் வளர்ந்து பெரியவளாகிறாள். காதலன் அந்த மரத்தடியில் சிரித்துப் பேச வரும்போது, தங்கை இருக்கிற இடத்தில் எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது, வேறு நிழலுக்குப் போவோம் என்று தோழி சொல்கிறாள். இலக்கிய வகுப்பில் இதை நாணத்துக்கு உதாரணமாகச் சொல்லிக்கொடுப்பார்கள். எனக்கு இப்போது அதில் அந்த அம்மாதான் பெரிதாகத் தெரிகிறாள். ஒரு மரத்தைக் காட்டிச் சொன்னாள், மரம் தங்கையாகிவிட்டது.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்தில் ஜூடி டன், கரோல் கெண்ட்ரிக் என்று இரண்டு ஆய்வாளர்கள் ஏறக்குறைய இதையேதான் வேறு வழியில் கண்டுபிடித்தார்கள். இரண்டாவது பிள்ளைக்குக் காத்திருந்த 40 குடும்பங்களைத் தேர்ந்தெடுத்து, பிறப்பதற்கு முன்னும் பின்னும் வீட்டுக்கே போய் உட்கார்ந்து பார்த்து, 1982இல் புத்தகமாக எழுதினார்கள். பெரிய பிள்ளைகளில் பலர் அடம் பிடித்தார்கள், அம்மாவை ஒட்டிக்கொண்டார்கள், தூக்கம் கெட்டார்கள். எங்கள் வீட்டில் நடப்பது அங்கேயும் நடந்தது. ஆனால் எந்த வீட்டில் முதல் வாரங்களிலிருந்தே அம்மா பெரிய பிள்ளையிடம் பாப்பாவை ஓர் ஆளாகப் பாவித்துப் பேசினாளோ, அதாவது அதற்குப் பசிக்கிறது, அதற்கு இது பிடிக்கிறது, அது உன்னைத்தான் பார்க்கிறது என்று சொல்லிச் சொல்லிக் காட்டினாளோ, அந்த வீட்டில் மாதங்கள் கழித்துப் பார்க்கும்போது இரண்டு பிள்ளைகளும் கூடுதல் அன்பாக இருந்தன. இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகளே தங்கை தம்பியிடம் பேசும்போது குரலை மாற்றி, சொல்லைச் சுருக்கிப் பேசுவதையும் அவர்கள் பதிவு செய்தார்கள்.

என் மகள் புத்தகம் எதுவும் படித்து இதைச் செய்யவில்லை. பாப்பா அழும்போது பெரியவளைக் கூப்பிட்டு, "ஏன் அழுறா, ஒனக்கு என்னா தோணுது?" என்று கேட்பாள். ஒரு நாள் அவள் ஜன்னலையே பார்த்துவிட்டு, "பாப்பாவுக்கு மழச் சத்தம் புடிக்கல" என்றாள். ஜன்னலைச் சாத்தினோம். அழுகை நின்றது. அதற்குப் பாலும் ஒரு காரணமாக இருக்கலாம், அது முக்கியம் இல்லை. அன்றிலிருந்து மழை வந்தால் ஜன்னல் சாத்தச் சொல்லி அவள்தான் சத்தம் போடுகிறாள்.

ஆகவே நீங்கள் ஐந்து நிமிடம் இருந்துவிட்டுப் போனாலும், அந்த ஐந்து நிமிடத்தில் சொல்லும் சொல்லுக்கு எடை உண்டு. "பாப்பா ஒன்னையத்தானே பாக்குது" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவள் அதை நாள் முழுக்க எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிவாள். போன மாதம் கிளினிக்கிலிருந்து வந்த மிஸ்ஸி, வாசலில் நின்றே பெரியவளிடம் மலாயில் கேட்டார்: உன் தங்கச்சியை நான் பார்க்கலாமா என்று. இவள் ஒரு கணம் யோசித்து, அவர் விரலைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். எடை பார்க்கும்போது பிள்ளையின் காலைப் பிடிக்கும் வேலையும் இவளுக்குத்தான் கிடைத்தது. அந்த மிஸ்ஸிக்கு எங்கள் வீட்டில் எந்த உறவும் இல்லை. உறவுக்காரர்கள் நாம் அவ்வளவுகூடச் செய்யாமல் இருக்கலாமா?

இதற்கு நேர் எதிரான இன்னொரு பேச்சும் உண்டு. அதையும் விட்டுவிடச் சொல்லப் போகிறேன். "இனிமே நீதான் குட்டி அம்மா, தங்கச்சிய நீதான் பாத்துக்கணும்" என்பது. பாராட்டாகத்தான் சொல்கிறீர்கள். ஆனால் அந்த வார்த்தைக்குப் பின்னால் நம் குடும்பங்களில் ஒரு நீண்ட கதை இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும்.

நம் ஊர் மாவட்ட நில அலுவலகத்தை ஒட்டி ஒரு பழைய ரப்பர் மரம் நிற்கிறதல்லவா? 1877இல் சிங்கப்பூருக்கு வந்த கன்றுகளில் ஒன்பது இங்கே ஊன்றப்பட்டன, பேராவின் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோவின் தோட்டத்தில். மிஞ்சியது அந்த ஒன்றுதான். அதற்கு வேலி உண்டு, பெயர்ப்பலகை உண்டு, பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி வந்து காட்டுவதும் உண்டு. பிறகு இந்த மாநிலம் முழுக்க ரப்பர் காடானதும், நம் பாட்டன் பூட்டன்மார் கப்பலேறி வந்து அந்தக் காடுகளில் பால் வெட்டியதும் உங்களுக்குத் தெரிந்த வரலாறு. பெண்களும் வெட்டினார்கள். இருட்டோடு எழுந்து, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போக வேண்டும். கைப்பிள்ளைக்காரி என்ன செய்வாள்? தூங்குகிற பிள்ளையைத் துணியோடு சுருட்டி ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவாள். அங்கே வரிசையாகச் சேலைத் தொட்டில்கள், வேலைக்குப் போக முடியாத ஒரு கிழவி. பத்துப் பதினைந்து தொட்டிலுக்கு ஓர் ஆயா எப்படிப் போதும்? கொட்டகை போக மிச்ச நேரம் முழுக்கப் பிள்ளை அக்காவின் இடுப்பில்தான்.

நான் அப்படி ஓர் அக்காவின் இடுப்பில் வளர்ந்தவள். எனக்கும் அவருக்கும் ஏழு வயசு வித்தியாசம். என் முதல் பல் முளைத்ததை அம்மாவுக்குச் சொன்னவர் அவர். நான் எந்தப் பக்கம் படுத்தால் தூங்குவேன் என்பது அவருக்குத்தான் தெரியும் என்று அம்மாவே சொல்வார். லயத்து வாசலில் என்னை ஒரு காலில் சாய்த்துக்கொண்டு மற்றக் காலால் அரிசி முறத்தை நகர்த்தி வைத்துக்கொண்டு கல் பொறுக்குவாராம். இப்போது நினைத்தாலும் எனக்கு அம்மாவின் மடியைவிட அவருடைய எலும்பு துருத்திய இடுப்புதான் ஞாபகத்தில் வெதுவெதுப்பாக இருக்கிறது. அந்த அன்புக்கு ஈடாக என்னிடம் எதுவும் இல்லை.

ஆனால் அவர் மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டார். தோட்டப் பள்ளிக்கூடம் லயத்திலிருந்து கூப்பிடு தூரம். பத்துப் பள்ளி வயதுப் பிள்ளைகள் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று 1923ஆம் வருடத்துத் தொழிலாளர் சட்டமே சொன்னது. பள்ளிக்கூடம் இருந்தது, வாத்தியார் இருந்தார், இடுப்பில் நான் இருந்தேன். அவர் ஒருவர் மட்டுமா? நம் தோட்டங்களில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள நின்றுபோன பெண்பிள்ளைகளைக் கணக்கெடுத்தால் ஒவ்வொரு லயத்திலும் நாலு பேர் கிடைப்பார்கள். ரப்பர் மரத்துக்குப் பலகை வைத்த ஊரில், அந்த அக்காமார்களுக்கு எதுவும் இல்லை. அவர்கள் தூக்கி வளர்த்த நாம்தான் இருக்கிறோம்.

அதனால்தான் "குட்டி அம்மா" என்ற சொல் எனக்கு நெஞ்சில் தைக்கிறது. பாசம் அவள் கொடுப்பது. பாரம் நாம் வைப்பது. இரண்டரை வயதில் விளையாட்டாகச் சொல்லத் தொடங்கி, ஐந்து வயதில் "பாத்துக்க மாட்டியா, அக்காதானே நீ" என்று அதட்டி, பத்து வயதில் அவள் புத்தகத்தை மூடச் சொல்வோம். அந்தப் பாதையில் என் பேத்தியை யாரும் ஓர் அடிகூட நடத்த வேண்டாம். அவள் விரும்பினால் தங்கையோடு விளையாடுவாள், சலித்தால் பேனா எடுத்துச் சுவரில் கிறுக்கப் போவாள். இரண்டுக்கும் அவளுக்கு உரிமை இருக்கிறது.

காலம் மாறியிருக்கிறது, அதையும் மறக்கக் கூடாது. 2023 ஜனவரி முதல் தனியார் வேலையில் இருக்கும் பெண்களுக்கும் பிரசவ விடுப்பு 98 நாள். முன்பு 60 நாள்தான். மனைவி பிள்ளை பெற்றால் கணவனுக்கும் ஏழு நாள் கிடைக்கிறது. நல்ல மாற்றம். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள், பிள்ளை வாய்விட்டுச் சிரிக்கத் தொடங்கும் சமயத்தில்தான் அம்மா வேலைக்குத் திரும்புகிறாள். என் மகள் ஈப்போவுக்குப் போய்வருகிறாள். விடிந்தும் விடியாமலும் கிளம்பினால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்புகிறாள். பகல் முழுக்க வீட்டில் நானும் இரண்டு பிள்ளைகளும். அம்மா கார் கிளம்பும் சத்தம் கேட்டு உதடு பிதுங்கும்போது, சின்னவள் முதலில் தேடுவது அக்கா முகத்தைத்தான். அந்த முகம் சிரித்தால் இவளும் சிரிக்கிறாள். அது அழுதால் சேர்ந்து அழுகிறாள். அந்த முகத்தை வாடவிடாமல் வைத்துக்கொள்வது எனக்கு எவ்வளவு முக்கியம் என்று இப்போது புரிகிறதல்லவா?

"தொடாதே" என்பதைப் பற்றியும் கொஞ்சம். அவள் கையை நீட்டியதும் நாலு பக்கத்திலிருந்தும் "ஏய், தொடாத, தொடாத" என்று கூச்சல் வருகிறது. பயம் நியாயமானது. உச்சிக்குழி மூடவில்லை, கழுத்து நிற்கவில்லை, அக்காவுக்குத் தன் பலம் தெரியாது. இரண்டையும் நான் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடுவதில்லை. குளிக்கப் போனால்கூடப் பக்கத்து வீட்டு மக்சிக்கைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டுத்தான் போகிறேன். ஆனால் தொடவே கூடாது என்று தடுத்த கை, யாரும் பார்க்காத நேரத்தில் அவசரமாகத் தொடும், அழுத்தித் தொடும். எங்கே தொடலாம் என்று காட்டிக் கொடுத்தால் அங்கே தொடும். எங்கள் வீட்டில் அக்காவுக்கு உரியவை தங்கையின் உள்ளங்கால்கள். முத்தம் எல்லாம் அங்கேதான். கையைத் தட்டையாக வைத்து முதுகில் தடவலாம். சின்னவள் விரலைப் பிடித்துக்கொண்டால் பிடித்தபடியே இருக்கலாம்.

ஸ்பிரிங் தொட்டில்தான் எங்களுக்குப் பெரிய சோதனையாக இருந்தது. நான் மெல்ல இழுத்து ஆட்டுவதைப் பார்த்துவிட்டு அவளும் சேலையைப் பிடித்துத் தொங்கத் தொடங்கினாள். அதட்டிப் பார்த்து ஆகவில்லை. கடைசியில் பழைய சாரோங் ஒன்றைக் கிழித்து, நாற்காலிகள் இரண்டுக்கு நடுவே அவளுடைய பொம்மைக்கு ஒரு தொட்டில் கட்டிக்கொடுத்தேன். இப்போது நான் இங்கே ஆட்ட, அவள் அங்கே ஆட்டுகிறாள். நான் பாடுவதை இரண்டு சொல் பின்னால் வந்து பாடுகிறாள். பொம்மை தூங்கிவிட்டது என்று விரலை உதட்டில் வைத்து என்னையும் நிறுத்தச் சொல்வாள், சின்னவள் கொட்டக் கொட்ட விழித்திருந்தாலும்.

அவள் பார்ப்பதை எல்லாம் செய்வாள் என்பதால் உங்களிடம் சில விஷயங்களில் நான் கண்டிப்பாகவே இருக்கப் போகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். ஆசையாகத் தேனைத் தொட்டுப் பிள்ளை நாக்கில் வைக்க வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய கிருமி பச்சைப் பிள்ளையின் குடலில் வளர்ந்து நஞ்சு கக்கும், உடம்பு துவண்டு மூச்சுக்கே ஆபத்தாகும். நீங்கள் ஒரு தடவை விரலை வைத்தீர்கள் என்றால், மறுநாள் அவள் ஜாம் தொட்ட விரலை வைப்பாள். அதேபோல வாயோடு வாய் வைத்துக் கொஞ்ச வேண்டாம். காசை அவள் கையில் கொடுக்க வேண்டாம். நீங்கள் அன்பளிப்பாகக் கொடுக்கும் ஐம்பது காசு நேராகத் தங்கைக்குப் போகும், ஏனென்றால் கையில் எது கிடைத்தாலும் அவள் பங்கு வைக்கிறாள்.

இருமல், சளி, காய்ச்சல் இருந்தால் அடுத்த வாரம் வாருங்கள். கூட்டி வரும் பிள்ளைகளுக்குக் கை கால் வாய்ப்புண் இருந்தாலும் அப்படியே. நம் நாட்டில் கக்குவான் இருமலுக்கான தடுப்பூசியை 2, 3, 5 மாதங்களில் போடுகிறார்கள், தட்டம்மைக்கு 9 மாதம் ஆக வேண்டும். அதுவரை சின்னவளுக்கு வேலி நாம்தான், நம்மில் முதல் வேலி அவளோடு நாள் முழுக்க மூக்கோடு மூக்கு வைத்திருக்கும் அக்கா. அதனால்தான் பெரியவளின் ஊசிகளை எல்லாம் தேதி தவறாமல் போட்டோம். நீங்கள் அவளுக்குச் சளியைக் கொடுத்துவிட்டுப் போனால், அதற்குப் பிறகு அவளைத் தங்கையிடமிருந்து ஒரு வாரம் பிரித்து வைக்க வேண்டியிருக்கும். ஒரு முறை அப்படிச் செய்தோம். அறைக் கதவுக்கு வெளியே தரையில் படுத்துக்கொண்டு, கதவடி இடுக்கு வழியாகப் பேசிக்கொண்டிருந்தாள். உள்ளே சின்னவள் சத்தம் வந்த பக்கமே திரும்பிப் படுத்திருந்தாள். அந்த ஒரு வாரத்தை இன்னொரு தடவை இரண்டு பிள்ளைகளுக்கும் கொடுக்க எனக்கு மனமில்லை.

பிள்ளைக்கு என்ன வாங்கி வருவது என்று சிலர் போன் போட்டுக் கேட்கிறீர்கள். சட்டை நிறைய இருக்கிறது, எல்லாம் சின்னதாகிக்கொண்டும் வருகிறது. கை வீசி வாருங்கள். எதாவது கொண்டுவந்தே தீருவேன் என்றால் ஒரு கலர் பென்சில் டப்பா, அல்லது ஒரு படப்புத்தகம் பெரியவளுக்குக் கொண்டுவாருங்கள். அதை அவள் தொட்டிலருகே உட்கார்ந்து தங்கைக்குப் படித்துக் காட்டுவாள். எழுத்து தெரியாது, தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தன் கதையைத்தான் சொல்வாள். சின்னவள் வாயைத் திறந்தபடி கேட்பாள்.

தீபாவளிக்கு முன் வர நினைக்கிறவர்கள் மாலை நாலரைக்கு மேல் வாருங்கள், அப்போது இரண்டும் தூங்கி எழுந்திருக்கும். கதவைத் திறக்கும்போது என் காலைப் பிடித்துக்கொண்டு பெரியவள் நிற்பாள். முதலில் அவளிடம் கேளுங்கள், "ஒங்க பாப்பாவ நாங்க பாக்கலாமா?" என்று. கை கழுவும் இடத்தை அவளே காட்டுவாள். சோப்பை அவள் கைக்கு எட்டும்படி கீழ்த்தட்டில் வைத்திருக்கிறோம், எடுத்து உங்களுக்கு நீட்டுவது அவள் வேலை. பிறகு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருங்கள், தேநீர் போட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
இரண்டு பேத்திகளின் பாட்டி,
கோலா கங்சார்